இவ்விடத்தில் படம்

தாம்பரத்தில் நம் இல்லத்து இரும்புப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கோடிட்ட தாள், நீல மை, தெளிவான தமிழ்க் கையெழுத்து. கீழக்கரையில் தோணி கட்டும் ஓடாவியாக வாழ்ந்த நம் பூட்டனார் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த அளவுக் குறிப்புகளை, மர்ஹூம் சாச்சா அவர்கள் 1962ஆம் ஆண்டில் தமிழ் எழுத்துக்கு மாற்றி எழுதிய படி அது. தோணியின் முதுகெலும்பாகிய ஏரா எத்தனை முழம், விலா எலும்புகளாகிய வங்குகள் எத்தனை, பாய்மரம் எங்கே ஊன்றப்பட வேண்டும் என்பன போன்ற செய்திகள் வரிசையாக வருகின்றன. பதினோர் இடங்களில் மட்டும் வாக்கியம் பாதியில் நின்று, அரைப் பக்கம் வெறுமையாக விடப்பட்டு, நடுவே ‘இவ்விடத்தில் படம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

சாச்சாவைக் குறை கூற நமக்கு நா எழாது. அவர் கடைக் கணக்கு எழுதியவர். அரபுத்தமிழையும் தமிழையும் வழுவின்றி எழுதுவார்; தச்சு அறியார். தாம் அறியாத ஒன்றைத் தவறாக வரைந்து வைப்பதினும் வரையாது விடுவதே நேர்மை என எண்ணியிருக்கிறார். மூல ஏடோ செல்லரித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அரபு எழுத்து அமைந்த தாள் காலில் மிதிபடலாகாது என்னும் பேணுதலால், படியெடுத்து முடிந்ததும் பெரியவர்கள் அதனைத் துணியில் சுற்றிக் கடலில் சேர்த்துவிட்டார்கள். மரியாதையோடுதான் அது போயிற்று. போனது இன்னதென்று நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

மேனாட்டார் ‘ஃபேக்சிமிலி’ என்று கூறும் நூல்வகை ஒன்றுண்டு. நேர்நகல் பதிப்பு என்று நாம் அதனைச் சொல்லலாம். ஒரு கையெழுத்துச் சுவடியைப் படித்து, பிழை களைந்து, அச்சுக் கோத்து வெளியிடுவது ஒரு முறை. அச்சுவடியின் ஒவ்வோர் ஏட்டையும் ஒளிப்படம் பிடித்து, அதே அளவில், அதே நிறத்தில், கறையும் கிழிசலும் ஓரக்குறிப்பும் உள்ளது உள்ளபடியே அச்சிட்டு, மூலத்தின் கட்டுமுறையிலேயே கட்டித் தருவது மற்றொரு முறை. ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்தைச் சேர்ந்த கட்டடக் கலைச் சுவடிகளும் பொறிநூற் சுவடிகளும் கடந்த ஒன்றரை நூற்றாண்டாக இவ்விரண்டாம் முறையில் வெளிவந்துகொண்டிருக்கின்றன. ஒரு படியின் விலையைக் கேட்டால் நம்மவர் வீடு கட்டும் செலவு நினைவுக்கு வரும். செல்வர்களின் ஆடம்பரம் என்று நாமும் அதனை ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பதினொரு வெற்றிடங்களே நம் எண்ணத்தை மாற்றின.

சாச்சாவின் கதை புதியதன்று. உரோமப் பேரரசன் அகஸ்டஸின் காலத்தில் விட்ருவியஸ் என்னும் பொறிவல்லார் கட்டடக் கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலொன்று இயற்றினார். பண்டைய ஐரோப்பாவிலிருந்து அத்துறையில் முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு நூலே. தூணின் தலைப்பில் சங்குபோற் சுருளும் வளைவை வரையும் முறையைச் சொல்ல வந்த இடத்தில், அதன் உருவம் நூலின் இறுதியில் வரையப்பட்டுள்ளது என்று அவர் எழுதுகிறார். திசைக் காற்றுகளைப் பற்றிச் சொல்லும்போதும் அவ்வாறே. இறுதிக்குச் சென்று பார்த்தால் அந்தச் சுருள் அங்கே இல்லை! மடாலயங்களில் தலைமுறை தலைமுறையாக அந்நூலைப் படியெடுத்த துறவிகள் இலத்தீன் அறிந்தவர்கள். கல் தச்சு அறியாதவர்கள். சொற்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளைக் கடந்து வந்தன. படங்கள் ஏறத்தாழ எல்லாமே வழியில் உதிர்ந்துபோயின.

1416ஆம் ஆண்டில் பொஜ்ஜோ பிராச்சியோலினி என்னும் இத்தாலிய அறிஞர் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடாலயத்தில் இந்நூலின் படியொன்றைக் கண்டு அதன் பெருமையைப் பரப்பினார். நூற்றாண்டு முடியுமுன் அது அச்சேறியது. ஆனால் படமின்றியே அச்சேறியது. 1511இல் வெனிசு நகரில் ஃபிரா ஜொகொண்டோ என்பார் 136 மரச்செதுக்குப் படங்களைத் தாமே ஊகித்துச் சேர்த்து வெளியிட்டார். 1521இல் கோமோ நகரில் செசரியானோ என்பார் வேறு படங்களைப் போட்டார். 1556இல் தானியேலே பார்பரோவின் பதிப்புக்குக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வரைந்தவை வேறு. சொல் ஒன்றே, உருவம் ஆளுக்கொன்று. வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்கும் மனிதனின் படத்தை நம் பிள்ளைகள் பாடப் புத்தகங்களிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் கண்டிருப்பார்கள். லியோனார்டோ டா வின்சி 1490ஐ ஒட்டி வரைந்தது அது. விட்ருவியஸ் சொல்லால் மட்டும் தந்த மனித அளவுகளுக்கு லியோனார்டோ கண்ட விடையே அப்படம். அதே அளவுகளைக் கொண்டு செசரியானோ வரைந்த மனிதனோ, சித்திரவதைக்கு இழுத்துக் கட்டப்பட்டவன்போல் காணப்படுகிறான்.

அந்த லியோனார்டோவின் ஏடுகளுக்கு நேர்ந்த கதியும் அறியத்தக்கது. 1519இல் அவர் இறந்தபின் அவருடைய மாணவர் மெல்சி அவற்றைக் காத்து வந்தார். மெல்சியின் காலத்துக்குப் பின், பொம்பேயோ லெயோனி என்னும் சிற்பி பலவற்றைத் தம் கைக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலை எடுத்தார். பொறிகளின் படங்கள் ஒருபுறம், கலையழகு மிக்க உருவங்கள் ஒருபுறம் என்று வெட்டிப் பிரித்துப் பெரிய தாள்களில் ஒட்டினார். இன்று மிலான் நகரின் அம்புரோசியானா நூலகத்தில் 1119 ஏடுகளாக உள்ள ‘அட்லாண்டிகஸ்’ தொகுதி அவ்வாறு பிறந்ததே. 1796இல் நெப்போலியனின் ஆட்கள் லியோனார்டோவின் ஏடுகளைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார்கள். இத்தொகுதி மட்டும் பின்னர் மிலானுக்குத் திரும்பியது; மற்றைய பன்னிரண்டும் பாரிசிலேயே தங்கிவிட்டன. பாரிசு ஏடுகளை ரவைசோன் மொல்லியேன் என்பார் 1881 முதல் 1891 வரை ஆறு தொகுதிகளாக நேர்நகல் செய்து வெளியிட்டார். மிலான் தொகுதியின் நேர்நகல் 1894இல் தொடங்கி 1904இல் முற்றுப்பெற்றது.

எழுத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். அது நமக்கும் ஒரு வகையில் உறவுடையது.

உதுமானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் பாயஸீத் அவர்களுக்கு லியோனார்டோ 1502, 1503 ஆண்டுகளை ஒட்டி ஒரு விண்ணப்பம் அனுப்பினார். இஸ்தன்பூலில் தோப்கபி அரண்மனையின் ஆவணங்களுக்கிடையே அதன் துருக்கி மொழிபெயர்ப்புக் கிடைத்தது. 1952ஆம் ஆண்டில் ஃபிரான்சு பாபிங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை வெளியிட்டார். காற்றால் இயங்கும் ஆலை, கப்பலுக்குள் புகும் நீரை வெளியேற்றும் பொறி ஆகியவற்றைக் கூறிய பின், இஸ்தன்பூலுக்கும் கலாத்தாவுக்கும் இடையே பாலம் அமைக்கச் சுல்தான் விரும்புவதாகக் கேள்வியுற்றதையும், அதனைக் கட்டும் வகை தமக்குத் தெரியும் என்பதையும் அவர் அதில் தெரிவிக்கிறார். மூலக் கடிதம் இல்லை, இருப்பது மொழிபெயர்ப்பு. அதில் பாலத்தின் உருவம் இல்லை. அதை மட்டும் படிப்பவர், வேலை தேடும் வெளிநாட்டான் ஒருவனின் வீண் பெருமை என்று தள்ளிவிடக்கூடும்.

ஆனால் படம் வேறிடத்தில் இருந்தது. பாரிசு ஏடுகளுள் ‘எல்’ என்னும் குறியிட்ட சின்னஞ்சிறு கைக்குறிப்பேட்டில், ஒரே வளைவாகக் கரைக்குக் கரை தாவி நிற்கும் பாலத்தின் மேல்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரையப்பட்டு, அகலம் 40, நீருக்கு மேல் உயரம் 70, நீளம் 600 என்று கையளவுக் கணக்கும் தரப்பட்டுள்ளது. அருகிலேயே, பெரா என்னும் கலாத்தாப் பகுதியிலிருந்து இஸ்தன்பூலுக்கு அமையும் பாலம் என்ற குறிப்பும் காணப்படுகிறது. கடிதம் வெளிப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பக்கம் நேர்நகலாக உலகின் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இஸ்தன்பூலில் சொல், பாரிசில் உருவம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விண்ணப்பம் உயிர் பெற்றது. சுல்தானின் அவையில் அப்பாலம் ஏற்கப்படவில்லை. ஆயினும் 2001இல் நார்வே நாட்டின் ஓஸ் என்னும் ஊரில் அவ்வுருவத்தைத் தழுவி மரத்தால் ஒரு சிறு நடைபாலம் எழுப்பப்பட்டது. 2019இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் ஐந்நூறில் ஒரு பங்கு அளவில் 126 துண்டுகளால் மாதிரி செய்து, சாந்தோ ஆணியோ இன்றி ஒன்றையொன்று அழுத்தும் விசையாலேயே அது நிற்கும் என்று காட்டினார்கள். நகத்தளவுப் படம் ஒன்று ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் செய்த வேலை இது.

நேர்நகலின் மற்றொரு பயன், காணாமற் போனது என்று கருதியதை எல்லார் முன்னும் வைப்பது. மதுரித் தேசிய நூலகத்தில் பட்டியல் எண் மாறிக் கிடந்த லியோனார்டோவின் இரு ஏடுகள் மீண்டும் கையில் அகப்பட்ட செய்தி 1967இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 700 பக்கங்கள்! பற்சக்கரமும் சங்கிலியும் உருளையும் நிறைந்த அப்பக்கங்களின் நேர்நகல் 1974இல் லதிஸ்லாவ் ரெத்தியின் பதிப்பாக வந்தது. மூல ஏட்டைத் தொட அனுமதி பெறுவோர் எத்தனை பேர்? நகலைப் புரட்டியவர்களோ கணக்கிலடங்கார். 1979இல் வெளிவந்த பிரான்செஸ்கோ தி ஜொர்ஜோவின் கட்டடக் கலைச் சுவடி நேர்நகலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் ஓரங்களில் லியோனார்டோ தம் கைப்படக் குறிப்பெழுதியிருக்கிறார். ஒருவர் எழுத, மற்றொருவர் படித்துத் தலையசைத்ததும் மறுத்ததும் அதே பக்கத்தில் தெரிகின்றன.

இனி, ஐரோப்பியர் இவற்றை வரைவதற்கு இருநூற்று ஐம்பது, முந்நூறு ஆண்டுகள் முன்னரே நடந்ததற்கு வருவோம். தைகிரீசு ஆற்றங்கரையில், ஆமித் என்றும் தியார்பக்கிர் என்றும் வழங்கும் நகரில் அர்த்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய இப்னுர் ரஸ்ஸாஸ் அல் ஜஸரீ அவர்கள், ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், ஐம்பது பொறிகளை விளக்கும் நூலை முடித்தார்கள். நீர்க்கடிகாரம், நீரூற்று, நீரிறைக்கும் எந்திரம், ஒளூ செய்யத் தண்ணீர் ஊற்றும் கருவி எனப் பலவும் அதில் உள்ளன. இரட்டை உருளை கொண்டு நீரை உறிஞ்சி மேலேற்றும் ஏற்றப் பொறி அவற்றுள் ஒன்று. இந்நூலின் தனிச்சிறப்பு யாதெனில், படத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அரபு எழுத்தை இட்டு, உரையில் அந்த எழுத்தைச் சொல்லியே அவர்கள் விளக்கிச் செல்வதாகும். பிற்காலத்துக் கைவினைஞர் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். மேல்தோற்றமும் பக்கத்தோற்றமும் ஒரே படத்தில் கலந்து வருவதால், உரையின்றிப் படம் விளங்காது. படமின்றி உரை விளங்காது.

இந்நூலின் பழம்படிகள் சில லெயோனியின் கத்தரிக்கோலை ஒத்த கொடுமைக்கு இலக்காயின என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1315இலும் 1354இலும் எழுதப்பட்ட இரு படிகளிலிருந்து ஏடுகள் பிரிக்கப்பட்டு, ஓவியம் என்னும் பெயரில் தனித்தனியே விலை போயின. அமெரிக்க அருங்காட்சியகங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவை தொங்குகின்றன. மயிலும் யானையும் தங்க வண்ணமும் பார்ப்போர் கண்ணைக் கவர்கின்றன. அலிஃபும் பேயும் எந்தக் குழாயைச் சுட்டுகின்றன என்று கேட்பார் இல்லை. நல்லூழாக, 1206ஆம் ஆண்டைச் சேர்ந்த படியொன்று தோப்கபி அரண்மனை நூலகத்தில் இன்றும் இருக்கிறது. டொனால்டு ஹில் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1974இல் நூலை ஆங்கிலப்படுத்தினார். 1976இல் லண்டனில் இஸ்லாமிய உலக விழா நடந்தபோது, அறிவியல் அருங்காட்சியகத்தில் ஜஸரீ அவர்களின் பெரிய நீர்க்கடிகாரத்தை முழு அளவில் செய்து நிறுத்தினார்கள். அஹ்மத் அல் ஹஸன் அவர்களின் அரபுப் பதிப்பு 1979இல் ஹலபில் வெளியாயிற்று. தோப்கபிப் படியின் நேர்நகலைத் துருக்கி அரசின் பண்பாட்டு அமைச்சகம் 1990இல் வெளியிட்டது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கைவினைஞர் இட்ட எழுத்தையும் கோட்டையும் ஒருசேரக் காண அதன்பின்னரே பொதுவழி பிறந்தது.

இவற்றையெல்லாம் படித்தபின் நம் நாட்டு நூல்களைப் பற்றிய எண்ணம் வாராமற் போகுமா? செய்யுள் நூல்களுக்கு நம் முன்னோர் ஒரு காவலை வைத்திருந்தார்கள். சீறாப்புராணத்தின் ஏட்டில் ஓர் எழுத்தைப் புழு தின்றுவிட்டால், எதுகையும் சீரும் தளையும் சேர்ந்து அவ்விடத்தில் இன்ன எழுத்தே இருந்திருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியருக்குச் சொல்லிவிடும். யாப்பு ஒரு காவற்காரன். படத்துக்கு அந்தக் காவற்காரன் இல்லை. ஒரு கோடு அழிந்தால் அடுத்த கோடு அதைச் சொல்லித் தராது. அன்றியும் பனையோலை இரண்டு மூன்று விரல் அகலமே உடையது. எழுத்தாணியால் வரிவரியாக எழுத ஏற்றது. கோபுரத்தின் வரைபடத்துக்கு அதில் இடமேது? ஆதலின் நம் சிற்ப நூல்கள் அளவுகளைப் பாட்டில் வைத்து, உருவத்தைத் தச்சரின் கையில் வைத்தன. கையும் பாட்டும் ஒரே குடும்பத்தில் இருந்த வரையில் குறையில்லை.

அவை பிரிந்தபின் என்ன ஆகும் என்பதைத் தஞ்சையில் பிறந்த ராம் ராஸ் கண்டார். வறுமையில் வளர்ந்து, படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, திப்பு சுல்தான் வகுத்த வருவாய் ஒழுங்குமுறைகளை மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, சென்னைக் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகி, பெங்களூரில் நீதிபதியாக உயர்ந்தவர் அவர். மானசாரம் முதலிய சிற்ப நூல்களின் சிதைந்த ஏடுகளை அவர் தேடித் திரட்டினார். வடமொழிப் பண்டிதர்களுக்குச் சொல் புரிந்தது, பொருள் புரியவில்லை. சிற்பிகளுக்குப் பொருள் தெரிந்தது, வடமொழி தெரியவில்லை. தஞ்சைச் சிற்பி ஒருவரின் துணைகொண்டே அவர் அதை விடுவித்தார். அவர் மறைந்தபின், 1834இல் லண்டன் ராயல் ஆசியக் கழகம் 48 படத்தாள்களோடு அவருடைய நூலை வெளியிட்டது. நூற்றாண்டு கழித்து மானசாரத்தை ஆராய்ந்து பதிப்பித்த பிரசன்ன குமார் ஆச்சாரியா அதனை விட்ருவியஸின் நூலோடு ஒப்பிட்டார் என்பதும் நோக்கத்தக்கது. கடல்துறையிலும் ஒன்றுண்டு: சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் தமிழ் ஏட்டை அச்சிட்டது. உறுப்புகளின் அளவுகளோடு நற்குறி தீக்குறிகளும் அதில் பேசப்படுகின்றன. ஆனால் வங்கின் வளைவை முழக் கணக்கு மட்டும் எப்படிக் காட்டும்? மரக்கலத்தால் பெயர்பெற்ற மரக்காயர் குலத்தார் வீடுகளில் இத்தகைய குறிப்பேடுகள் இன்னும் எத்தனை பரணில் கிடக்கின்றனவோ!

நாம் இருக்கும் இத்தென்புறநகரமோ இவ்வகைப் பணிக்கு வேண்டிய எல்லாம் அமைந்த இடம். தாம்பரத்துக்கு மின்தொடர் 1931இல் வந்தது. கிறித்துவக் கல்லூரி 1937இல் வந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியற் கல்லூரி கிண்டியில் இருக்கிறது. பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் நிறுவிய கிரசென்ட் வண்டலூரில் இருக்கிறது. அடையாற்றில் 1886ஆம் ஆண்டின் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரால் 1943இல் தோன்றிய ஏட்டு நூலகம் என்று சுவடிச் செல்வத்துக்கும் குறைவில்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் அவர் மறைந்தபின் 1994இல் தனி நூலகமாகி, இன்று தரமணியில் உள்ளன. பழந்தாள்களை நுண்படச் சுருளில் ஏற்றும் தொழிலை அங்கே முறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். காலை வண்டியில் தோளில் பையோடு நிற்கும் பொறியியல் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களுள் ஒருவரேனும் ஜஸரீயின் ஏற்றப் பொறியைப் படத்தில் கண்டிருப்பாரா என்று நாம் எண்ணுவதுண்டு. அட்லாண்டிகஸ் தொகுதி முழுவதும் 2019 முதல் இணையத்தில் விலையின்றியே கிடைக்கிறது. கைபேசியில் அதைக் காண ஒரு நொடி போதும்.

அதே கைபேசியால் பரணில் உள்ள ஏட்டையும் படம் பிடிக்கலாம். எழுத்துள்ள பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கிறுக்கல் உள்ள பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்று, அத்தகைய ஏடு வைத்திருக்கும் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் மிக நன்று. வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு கீழக்கரைக்குச் சென்றிருந்தபோது, நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனோம். எண்பதைத் தாண்டிய ஓடாவி ஒருவரிடம் மூன்றாம் வெற்றிடத்துக்கு முன்னுள்ள அளவுகளைப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் திண்ணைச் சிமெந்தில் முன்வங்கின் வளைவை வரைந்தார். சற்று நின்று பார்த்துவிட்டு, அதன் அருகே வேறொரு வளைவு, பின்னும் ஒன்று. மூன்றுக்கும் அளவு பொருந்துகிறது என்றும், மூன்றும் கடலில் ஓடக்கூடியவையே என்றும், நம் பூட்டனார் எதைக் கட்டினார் என்று தம்மால் சொல்ல இயலாது என்றும் கூறினார். மூன்றையும் படம் பிடித்துக்கொண்டோம். தாள் அச்செடுத்தும் வைத்திருக்கிறோம். சாச்சா விட்டுச் சென்ற அந்த அரைப் பக்கத்தில் இன்னும் எதையும் ஒட்டவில்லை.